கேஸ் அனலைசர், டிடெக்டர், பர்ஜ் லைன்: கேள்வி பதில்

பாய்லர் புகை டக்டில் புதிதாக லேசர் ஆக்சிஜன் அனலைசர் போட்டோம் சார். பக்கத்தில் இருக்கும் பழைய ஸிர்கோனியா புரோப் 4% காட்டுகிறது, இது 11% காட்டுகிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பர்ஜுக்கு (அனலைசர் கண்ணாடியில் புகை படியாமல் ஊதிக்கொண்டே இருக்கும் வாயு) என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இன்ஸ்ட்ருமென்ட் ஏர்தான், அதாவது கம்ப்ரஸர் காற்றுதான் என்று பந்தயமே கட்டுவேன்.

லேசர் டக்டுக்குள் மட்டும் போவதில்லை, அனலைசரை டக்டோடு இணைக்க இரண்டு பக்கமும் இருக்கிற நாசில் குழாய்களையும் கடந்து போகிறது. நாசில் தலைக்கு 30 செ.மீ., டக்ட் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. தூரத்துக்கு 20.9% ஆக்சிஜன் உள்ள காற்றை நீங்களே நிரப்பி வைத்திருக்கிறீர்கள். 20.9-ஐ 0.6-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 6.3 வருகிறது. டக்டில் இல்லாத ஆக்சிஜன் அது. நாசிலில் நிற்கும் காற்று புகையைவிடக் குளிர்ச்சி, அடர்த்தி அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் ஏறும். 4 எப்படி 11 ஆனது என்று புரிகிறதா?

நைட்ரஜனுக்கு மாற்றுங்கள், அப்புறம் சொல்லுங்கள். இதே லேசர் அமோனியாவையோ ஹைட்ரஜன் குளோரைடையோ அளந்தால், காற்றில் அவை இல்லாததால் சுத்தமான காற்றே போதும்.

நைட்ரஜன் ஜெனரேட்டர் 99% தருகிறது. போதுமா?

மேலே போட்ட கணக்கையே போடுங்கள். மீதி 1% ஆக்சிஜன், அதே நாசில், அதே டக்ட் என்றால் 0.3% கூடும். 4% அளக்கிற இடத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாமா என்பது உங்கள் பாய்லர் ஆட்கள் சொல்ல வேண்டியது. 1%-க்குக் கீழே அளக்க வேண்டிய இடம் என்றால் கூடாது.

சிலிண்டர் வைத்தே ஓட்டிவிடலாமா?

47 லிட்டர் சிலிண்டரை 150 பாரில் நிரப்பினால் ஏறக்குறைய 7,000 லிட்டர் வாயு. பக்கத்துக்கு நிமிடம் 10 லிட்டர், இரண்டுக்கும் 20 லிட்டர் போனால் 350 நிமிடத்தில் காலி, ஆறு மணி நேரம்கூட வராது. கமிஷனிங் அன்றைக்குச் சரி. தினப்படிக்கு ஜெனரேட்டரோ பிளான்ட் ஹெடரோ (ஆலையின் பொது நைட்ரஜன் குழாய்) வேண்டும்.

அண்ணா, எங்கள் அனலைசரின் கண்ணாடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மங்கிப் போகிறது. பர்ஜ் ஃப்ளோவைக் கூட்டினால் சரியாகுமா?

ஷட்டவுனில் பர்ஜை யார் மூடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள் தம்பி. நான் பார்த்த ஓர் ஆலையில் பிளான்ட் நின்றதும் கம்ப்ரஸரையும் நிறுத்திவிடுவார்கள். குளிர்ந்த டக்டிலிருந்து ஈரமும் சாம்பலும் நாசிலுக்குள் ஏறி, கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் காபி வடிந்த மாதிரி படிந்திருந்தது. தொடங்கும்போது பர்ஜ் முதலில் வர வேண்டும், நிற்கும்போது கடைசியில்தான் போக வேண்டும்.

அது ஒழுங்காக இருந்தால் காற்றைச் சோதியுங்கள். ஃபில்டருக்கு அப்புறம் ஃபிட்டிங்கைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளைக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். தாளில் பளபளப்பாகக் கறை தெரிந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் வருகிறது. ஈரத்துக்கு, காற்றின் பனிப்புள்ளி (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைவிட 10 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும்.

ஃப்ளோவைக் கண்டபடி கூட்டாதீர்கள். பர்ஜ் வாயு டக்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போய், அளக்கிற தூரம் குறைந்து ரீடிங் இறங்கிவிடும். ரோட்டாமீட்டரும் (ஃப்ளோவைக் காட்டுவது) நீடில் வால்வும் (ஃப்ளோவைத் திருத்துவது) ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக இருக்கட்டும். ஒன்றை வைத்து இரண்டாகப் பிரித்தால் அடைப்பு இல்லாத பக்கமே எல்லாவற்றையும் குடித்துவிடும்.

எல்பிஜி டிடெக்டரை மேலே மாட்டச் சொல்கிறார் கான்ட்ராக்டர். சரியா?

இல்லை. எல்பிஜியில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையை ஒட்டித்தான் பரவும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் மாட்டுங்கள். மேலே மாட்ட வேண்டியது ஹைட்ரஜன், மீத்தேன், அமோனியா டிடெக்டர்களை.

பெல்லிஸ்டர் டிடெக்டர் (எரியும் வாயுவைக் கண்டுபிடிப்பது) எப்போதும் பூஜ்யம் காட்டுகிறது. பம்ப் (bump) டெஸ்டில், அதாவது வேலை செய்கிறதா என்று வாயு காட்டிப் பார்க்கும் சோதனையில், மீத்தேன் கொடுத்தும் அசையவில்லை.

அருகில் யாராவது சிலிக்கோன் சீலன்ட் அடித்தார்களா? சிலிக்கோன் ஆவி வினையூக்கியைக் கெடுத்துவிடும். திரையில் மட்டும் சமர்த்தாகப் பூஜ்யம் நிற்கும். சென்சாரை மாற்றுவதுதான் வழி.

இன்னொன்று: பெல்லிஸ்டர் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய டேங்குக்குள் அது காட்டும் பூஜ்யத்துக்கு ஓர் அர்த்தமும் இல்லை. ஹைட்ரோகார்பன் என்றால் அங்கே இன்ஃப்ராரெட் போடுங்கள். ஹைட்ரஜன் மட்டும் இன்ஃப்ராரெட் கண்ணுக்குத் தெரியாது.

அனலைசர் அறைக்குள்ளேயே நைட்ரஜன் லைன் வருகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டும். நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். ஆக்சிஜன் 19.5%-க்குக் கீழே போனால் அலறுகிற மாதிரி உள்ளே ஒரு சென்சார், கதவுக்கு வெளியே அதன் டிஸ்ப்ளே, வெளிக் காற்றில் திறக்கும் வென்ட் லைன். இந்த மூன்றும் வரும் வரை அந்த லைன் வால்வை வெளியிலேயே மூடிப் பூட்டி வையுங்கள்.