மடியைப் பார்த்துச் சிரிக்கும் மாணவர்கள்

கேள்வி: பிளஸ் 1 வகுப்பு எடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணத்தான் என்று செல்போன் கொண்டு வருகிறார்கள், அப்புறம் பார்த்தால் ரீல்ஸ் ஓடுகிறது. பிடுங்கினால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்ய?
- ஓர் ஆசிரியை, தேன்கனிக்கோட்டை

பதில்: மடியைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிற பையனை யாருக்குத்தான் தெரியாது! பிரான்ஸ் 2018-லேயே பள்ளிகளில் போனுக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. ஆனால் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து வரும் பெண், சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டால் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அப்பாவுக்கு எப்படிச் சொல்வாள்? அதனால்தான் பெற்றோர் கோபப்படுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

முதல் மணி அடித்ததும் போனை அணைத்து, வரிசை எண் எழுதிய துணிப்பையில் போட்டு பீரோவில் பூட்டுங்கள், கடைசி மணிக்கு அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம், உள்ளே திறந்து பார்க்கவே வேண்டாம். கியூஆர் கோடு பார்க்க பெஞ்சுக்கு ஒரு போன் போதும், பத்து நிமிஷம், திரை மேஜைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. இந்த ஏற்பாட்டைத் தலைமை ஆசிரியர் மூலம் பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

சரி, பாடம் நடக்கும்போது உங்கள் போன் எங்கே இருக்கும்? அதுவும் அந்தப் பையில் போனால் நல்லது. பசங்க அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.