எக்ஸ்240: 8 ஜிபி ராம் போட்டால் பீப் மட்டும் வருகிறது

வணக்கம். திங்க்பேட் எக்ஸ்240 லேப்டாப்பில் இருந்த 4 ஜிபியைக் கழற்றிவிட்டு 'பிசி3-12800எஸ்' என்று அச்சிட்ட 8 ஜிபி ராமைப் போட்டால் பீப் மட்டும் கேட்கிறது, பழையதை மாட்டினால் ஓடுகிறது என்கிறீர்கள். மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டாம். வோல்டேஜ்தான் பொருந்தவில்லை.

இதிலுள்ள 4ஆம் தலைமுறை 'யு' வரிசை இன்டெல் பிராசசருக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் 'டிடிஆர்3எல்' வகை ராம் வேண்டும். நீங்கள் வாங்கியது 1.5 வோல்ட் சாதா டிடிஆர்3. இரண்டுக்கும் 204 பின், ஒரே இடத்தில் வெட்டு. அதனால் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்து ஏமாற்றும். "டிடிஆர்3 எல்லாம் ஒன்றுதான் சார்" என்று கடையில் சொன்னாலும், லேபிளில் 'பிசி3எல்-12800எஸ்' என்று 'எல்' இருக்கிறதா எனப் பார்த்து மாற்றி வாங்குங்கள். 1866 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குக் கூடுதல் காசு தராதீர்கள், இதில் 1600-இல்தான் ஓடும். ஒரே ஸ்லாட் என்பதால் 8 ஜிபியே உச்சம்.

இன்னொன்று, இதில் உள்ளேயும் ஒரு பேட்டரி உண்டு. சார்ஜரை எடுத்துவிட்டு, லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி, பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரையில் கான்ஃபிக், பவர் போய் 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுங்கள். பின்பக்க பேட்டரியையும் கழற்றிய பிறகே அடிப்பக்க மூடியைத் திறக்கவும். ராமைச் சாய்வாக முழுதும் செருகி, இரு கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். சார்ஜரைச் செருகினால் உள் பேட்டரி தானாக உயிர்பெறும்.