அணைந்திருக்கும் கணினிகளை அலுவலகத்திலிருந்தே எழுப்புவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி அருகே உள்ள எங்கள் பள்ளியில் அலுவலகம் மேட்டிலும் கணினி ஆய்வகம் சரிவிலும் உள்ளன. காலையில் அலுவலகத்திலிருந்தே ஆய்வகக் கணினிகளை இயக்குவதற்காக பயாஸில் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை நிரல்) 'வேக் ஆன் லேன்' வசதியை, அதாவது லேன் என்னும் பிணையக் கம்பி வழியே செய்தி அனுப்பிக் கணினியை எழுப்பும் வசதியை, இயக்கினோம். ஆனாலும் சில கணினிகள் எழுவதில்லை. மின்தடைக்கு மறுநாள் ஒன்றுகூட எழுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கணினியை முறைப்படி அணைத்த பின், அதன் பின்புறம் லேன் கம்பி செருகியுள்ள இடத்தில் இருக்கும் சிறு விளக்கைப் பாருங்கள். அது அணைந்திருந்தால், கணினியைப் பிணையத்தோடு இணைக்கும் பிணைய அட்டைக்குக் காத்திருப்பு மின்சாரம் (கணினி அணைந்த பின்னும் செல்லும் சிறு மின்சாரம்) செல்லவில்லை என்று பொருள். பெரும்பாலும் பயாஸில் 'ஈஆர்பி' அல்லது 'டீப் ஸ்லீப்' என்ற மின்சேமிப்பு அமைப்பே இதற்குக் காரணம். அதை நிறுத்திவிடுங்கள்.

விளக்கு எரிந்தும் எழாத கணினிகளில் விரைவாகத் தொடங்க உதவும் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துங்கள். பின்னர் டிவைஸ் மேனேஜரில் பிணைய அட்டையின் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குச் சென்று 'வேக் ஆன் மேஜிக் பாக்கெட்', 'ஷட்டவுன் வேக் ஆன் லேன்' ஆகியவற்றை இயக்குங்கள். அப்படியும் எழாதவற்றை மாலையில் முழுமையாக அணைக்காமல் ஹைபர்னேட் நிலையில் (திறந்திருப்பவற்றை வட்டில் சேமித்துவிட்டு உறங்கும் நிலை) விடலாம்.

'மேஜிக் பாக்கெட்' எனப்படும் எழுப்பும் செய்தி மிகச் சிறியது: தொடக்கக் குறியாக 6 பைட்டுகள், அதையடுத்து அந்தக் கணினியின் மேக் முகவரி (பிணைய அட்டைக்குரிய 6 பைட் அடையாள எண்) 16 முறை, ஆக மொத்தம் 102 பைட்டுகள். இது பொதுவாக ரூட்டரைத் தாண்டிச் செல்லாது என்பதால், அலுவலகமும் ஆய்வகமும் வெவ்வேறு பிணையப் பிரிவுகளில் இருந்தால் ஆய்வகப் பிரிவிலேயே எப்போதும் இயங்கும் ஒரு கணினியிலிருந்து அனுப்ப வேண்டும். ஆய்வகத்தின் ஸ்விட்சும் இரவில் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

மலையில் பெரிய சிக்கல் மின்தடைதான். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்துபோனால், அணைக்கும் நேரத்தில் விண்டோஸ் பிணைய அட்டைக்கு இட்ட 'விழித்திரு' என்ற கட்டளை பல கணினிகளில் அழிந்துவிடுகிறது. ஒரு முறை இயக்கி, முறைப்படி அணைத்தால்தான் அது மீண்டும் பதியும். ஆகவே பயாஸில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' என மாற்றுங்கள். மின்சாரம் திரும்பியதும் கணினிகள் தாமாகவே இயங்கும். அது நள்ளிரவாக இருந்தாலும் வீணாக ஓடாதபடி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே செய்யும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தானாக அணையும் நேரம் ஒன்றையும் குறித்துவையுங்கள்.

கோடை இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் வேக் ஆன் லேன் வசதியை நம்பி இரவெல்லாம் மின் இணைப்பை விட்டுவைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். சரிவில் இரு கட்டடங்களை இணைப்பது செம்புக் கம்பியாக இருந்தால் மின்னல் அதன் வழியாகவும் தாக்கும். அதற்குப் பதில் கண்ணாடி இழைக் கம்பி போடுங்கள். அந்த மாதங்களில் மாலையில் கணினிகளை அணைத்து மின் இணைப்பையும் துண்டித்துவிட்டு, காலையில் ஆய்வகத்தில் வரிசை வரிசையாக இணைப்பைக் கொடுத்தால், மேற்சொன்ன 'பவர் ஆன்' அமைப்பினால் கணினிகள் தாமே இயங்கும்; எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் இயக்கினால் யுபிஎஸ் தாங்காது.