அரசு வழக்கறிஞராக இருப்பவர் மேல்முறையீடு கேட்கும் நீதிபதி ஆக முடியுமா?

தாராளமாக முடியும். குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பில் நிற்பவன் என்பதால் இந்தக் கேள்வியை ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

மேல்முறையீடு என்றாலே உயர் நீதிமன்றம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மாஜிஸ்திரேட் தண்டித்த வழக்கு முதலில் செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போகிறது. அங்கே அமர்பவர் மாவட்ட நீதிபதி. அதனால் மாவட்ட நீதிபதி ஆனாலே மேல்முறையீடு கேட்கலாம். நேரடி நியமனத்துக்கு அரசியல் சட்டம் 233-வது பிரிவு வழக்கறிஞரிடம் கேட்பது 7 ஆண்டு அனுபவம். மாதச் சம்பளம் வாங்கும் உதவி அரசு வழக்கறிஞருக்கு அந்தக் கணக்கு செல்லுமா என்று ஒரு சர்ச்சை இருந்தது. செல்லும் என்று 2013-இல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

உயர் நீதிமன்றத்துக்குத் தேர்வு கிடையாது. 10 ஆண்டு வழக்கறிஞராகவோ நீதித்துறைப் பதவியிலோ இருந்திருக்க வேண்டும். அப்புறம் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பரிந்துரைக்க வேண்டும். 62 வயதில் ஓய்வு. கீழிருந்து படிப்படியாக வருபவர்களுக்கு அங்கே கிடைக்கும் காலம் குறைவு, அது எனக்கு வருத்தம்தான்.

சரி, அரசுத் தரப்பு அனுபவம் அங்கே எதற்கு உதவும்? வழக்கு ஆவணக் கட்டைப் படிப்பதற்கு. மேல்முறையீட்டில் பெரும்பாலும் சாட்சி எதிரே நிற்கமாட்டார், காகிதம்தான் பேசும். முதல் தகவல் அறிக்கை தன் கைக்கு வந்த நேரத்தை மாஜிஸ்திரேட் அதன்மேல் குறித்துக் கையெழுத்திட்டிருப்பார். காலை 8 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் அறிக்கை, பக்கத்திலேயே இருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கு இரவு 11 மணிக்குப் போயிருந்தால், இடையில் யார் பெயரைச் சேர்த்தார்கள் என்ற சந்தேகம் வரும். போலீஸ் கட்டுகளைப் புரட்டிப் பழகியவருக்கு அந்தக் கையெழுத்துதான் முதலில் கண்ணில் படும்.

ஆனால் விடுதலைத் தீர்ப்பைத் தன் தோல்வியாக எண்ணிப் பழகிவிட்டவர் நீதிபதி ஆவது ஆபத்து. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் வேலை இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணம் கட்டில் இருந்தால், அதையும் கோர்ட்டின் பார்வைக்கு வைக்க இப்போதே பழகுங்கள். நீங்கள் வாங்கிய தண்டனை மேலே ரத்தானால் அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கி, சாட்சியத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். எந்த வாக்குமூலத்தை மேல்முறையீட்டு நீதிபதிகள் நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று குறித்து வையுங்கள். என் ஜூனியர்களுக்கு நான் முதலில் தரும் வேலை இதுதான்.