ஏப்ரல் ஏரியும் கையால் கட்டிய தூண்டிலும்

அன்புள்ள அண்ணா,

ஒன்ராறியோ ஏரிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையின் கடைசியில், "ஐஸ் உருகியதும் நண்பர்களோடு கிறப்பி பிடிக்கப் போய்விடுவேன், மேசையில் ஜிக் கட்டும் வேலை நடக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கிறப்பி ஒரு நன்னீர் மீன், ஜிக் தலையில் சின்ன எடை வைத்து இறகு கட்டிய கொக்கி என்று தேடித் தெரிந்துகொண்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

எனக்குச் சொந்த ஊர் வவுனியா. சின்ன வயதில் குளக்கட்டில் இருந்து மண்புழு கோர்த்து மீன் பிடித்தவன். படிக்க இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். இந்த வருடம் எல்லோருமாக மீன் பிடிக்கப் போவது என்று கதைத்து வைத்திருக்கிறோம். எனக்கு மூன்று கேள்விகள். சின்ன ஜிக் கடையில் சில டொலருக்கே கிடைக்கும்போது நீங்கள் ஏன் இருந்து கட்டுகிறீர்கள்? ஜூலையில் வெயிலோடு போகாமல் ஏன் குளிருக்குள் போகிறீர்கள்? மூன்றாவது அம்மாவின் கேள்வி. போனில் விஷயத்தைச் சொன்னதும், "ஏன், அங்கை மீன்கடை இல்லையோ?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகன், ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

கடிதம் நல்ல நேரத்தில் வந்திருக்கிறது. ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, கட்டி முடிக்க நாள் இருக்கிறது.

காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. கொக்கி, இறகு, நூல், மேசையில் பூட்டுகிற சின்ன வைஸ் எல்லாம் வாங்கி முடிய, முதல் வருடம் லாபம் என்று ஒன்றும் இருக்காது. லாபம் தெரிவது கரையில்தான். வசந்தத்தில் கிறப்பி வெட்டவெளித் தண்ணீரில் நிற்காது. தண்ணீருக்குள் சாய்ந்த மரம், போன வருடத்து நாணல், படகுத்துறையின் தூண் என்று ஏதாவது ஒரு மறைப்பை ஒட்டித்தான் நிற்கும். பத்து டொலர் பொய்மீனைக் கட்டியவருக்கு அந்தக் கிளைக்குள் எறிய மனம் வராது. சிக்கினால் போச்சே என்று இரண்டு அடி தள்ளி எறிவார். குளிர் தண்ணீரில் கிறப்பி அந்த இரண்டு அடியை நீந்தி வராது. தன் கையால் கட்டிய ஜிக் என்றால் நேரே கிளைக்குள்ளேயே இறக்கலாம். அறுந்தால் பெட்டியில் இன்னொன்று இருக்கும். அதுவும் முடிந்தால் இரவைக்குக் கட்டிக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கடையில் வாங்கியது கடைக்காரர் தந்தபடியேதான் இருக்கும். நாமே கட்டுகிறவர்கள் என்றால், காலையில் ஏரி சொன்னதைக் கேட்டு மாலையில் மாற்றலாம். மீன் வந்து முட்டுகிறது, கவ்வவில்லை என்றால் வாலைக் கொஞ்சம் குட்டையாக்கலாம். தண்ணீர் கலங்கியிருந்தால் கறுப்பும் மஞ்சளும் சேர்த்துக் கட்டலாம், தெளிந்திருந்தால் வெள்ளையும் சாம்பலும். ஜிக் மெதுவாகத் தாழ வேண்டுமென்றால் 1/16 அவுன்ஸ் தலையை விட்டு 1/32 அவுன்ஸுக்குப் போகலாம். அது ஒரு கிராம்கூட வராது. இப்படி மாற்றி மாற்றிப் பார்க்கும்போதுதான் மீன் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று யோசிக்கத் தொடங்குகிறோம். அந்த யோசனையில்தான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பகுதிச் சந்தோஷமும்.

எப்படிக் கட்டுவது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கொக்கியை வைஸில் பூட்டி, தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். வால் வைக்க வான்கோழியின் மென்மையான இறகு வேண்டும், கடையில் மராபு என்று கேட்டால் தருவார்கள். அதில் ஒரு சிட்டிகை எடுத்து, விரலை நனைத்து ஒன்றுசேர்த்து, கொக்கியின் வளைவுக்கு வெளியே தண்டின் நீளத்துக்கு நீட்டி வைத்துக் கட்டுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் இறகை அள்ளி வைப்பார்கள். காய்ந்திருக்கும்போது அது அழகாகத்தான் இருக்கும், தண்ணீருக்குள் போனால் கட்டையாக நிற்கும். பாதியைக் குறையுங்கள். உடம்புக்குச் செனீல் என்ற பஞ்சுபோன்ற நூலை ஏழெட்டுச் சுற்று சுற்றி, தலைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் ஒரு துளி கியூட்டெக்ஸ் விடுங்கள், அவ்வளவுதான். எங்கள் மேசையில் ஒரு நண்பர் பழைய சேலைக் கரையிலிருந்து சரிகையை உருவி வந்து வாலுக்குள் இரண்டு இழை வைப்பார். இப்போதைய சரிகை பெரும்பாலும் பிளாஸ்ரிக் இழைதான், தண்ணீரில் கறுக்காது. வெயில் பட்டால் சின்ன மீனின் செதிள் மாதிரி ஒரு மினுக்கம் வரும்.

ஏன் இந்த இறகு என்றால், அதற்கு ஏப்ரல் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்வியும் அதுதான்.

தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதற்குக் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே வரும், அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது. வசந்தத்தில் ஐஸ் உருகி மேல்தண்ணீர் 4 டிகிரியைத் தொடும்போது மேலும் கீழும் ஒரே அடர்த்தியாகிவிடும். பிறகு ஒரு நல்ல காற்று அடித்தால் போதும், ஆழமான ஏரியும் அடிவரை கலந்து, மாதக்கணக்காக மூடிக் கிடந்த அடித்தண்ணீருக்கு ஒட்சிசன் போய்ச் சேரும். ஆழமில்லாத குடாக்கள் அதையும் முந்திக்கொண்டு சூடேறும். அதிலும் வடக்குக் கரைக் குடாக்கள் முதலில், ஏனென்றால் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் நேரே விழுவது அங்கேதான். கறுப்புச் சேற்று அடி அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். பிரதான ஏரி இன்னும் விறைத்துக் கிடக்கும்போதே, குடாவின் மூலையில் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி கூடியிருக்கும். பூச்சிகள் அசையத் தொடங்கும், சின்ன மீன்கள் அங்கே வரும், அவற்றின் பின்னால் கிறப்பியும் பேர்ச்சும் புளூகில்லும் வரும். ஜூலையில் இதே மீன்கள் ஏரி முழுக்கப் பரவிவிடும், படகு இல்லாமல் தேடுவது கஷ்டம். ஏப்ரலிலும் மேயிலும் கரையில் நிற்கிற ஒரு மாணவனின் தூண்டிலுக்கு எட்டுகிற தூரத்துக்கு அவை தாமாகவே வருகின்றன. குளிருக்குள் போவது இதற்காகத்தான்.

ஆனால் அந்தத் தண்ணீரில் மீனின் உடம்பும் குளிர்ந்திருக்கும், துரத்திப் போய்ப் பிடிக்காது. ஜிக் கிட்டத்தட்ட அசையாமல் தொங்க வேண்டும், அதே நேரம் உயிருள்ளதாகவும் தெரிய வேண்டும். மராபு இறகு அதைத்தான் செய்கிறது. ஜிக் நின்றுவிட்டாலும் இறகின் இழைகள் ஒடுங்கி விரிந்துகொண்டிருக்கும்.

மிதவைக்குக் கீழே ஒன்றரை அடியில் ஜிக்கைத் தொங்கவிட்டு, தூண்டில் நூலின் முடிச்சை ஜிக் தலையிலுள்ள வளையத்தின் நடுவுக்குத் தள்ளிவிடுங்கள். அப்போதுதான் ஜிக் கிடையாக நிற்கும். மீனுக்குக் கொஞ்சம் மேலேயே வையுங்கள், கிறப்பி மேலே பார்த்துத் தின்னும் மீன். மிதவை தாழும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பல தடவை அது தாழாது. மீன் கீழிருந்து வந்து ஜிக்கை மேலே தூக்கிவிடுவதால் பாரம் குறைந்து, நிமிர்ந்து நின்ற மிதவை பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். முதல் தடவை அதைப் பார்க்கிறவர் நூல் சிக்கிவிட்டது என்று நினைப்பார். மிதவை படுத்தால் தடியை மெதுவாக உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்துவிடும், கிறப்பியின் வாய்ப்பக்கம் மெல்லிய தோல்தான்.

ரொறொன்ரோவிலிருந்து கிழக்கே போனால் வரும் ரைஸ் ஏரி எனக்குப் பிடித்த இடம். ஆழம் குறைந்த ஏரி, சீக்கிரம் சூடேறும். கோபர்க்கிலிருந்து பீற்றர்பரோவுக்கு ரயில் விட 1854இல் இந்த ஏரிக்குக் குறுக்கே ஒரு நீளப் பாலம் கட்டினார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் ஐஸ் நெருக்கி நெருக்கி அந்தப் பாலம் நிலைக்கவில்லை, கைவிட்டுவிட்டார்கள். அதற்காகக் கொட்டிய கல்லும் மண்ணும் இன்றும் தண்ணீருக்குள் ஒரு நீண்ட மேடாகக் கிடக்கின்றன. அந்த மேட்டுப் பக்கம் மீன் கூடும் என்பது ஏரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் நான்கு பேர் என்று எழுதியதை வாசித்ததும் எனக்குச் சந்தோஷம். இந்த மீன்பிடிக்கு அதுதான் சரியான எண்ணிக்கை. நாங்கள் போனால் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு ஆழம் என்று தொடங்குவோம். ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு, ஒருவர் இளஞ்சிவப்பு. ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு விழுந்தால் மற்றவர்கள் வெட்கப்படாமல் பெட்டியை நீட்ட வேண்டும், அவரும் தன் ஜிக்கைக் கொடுக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கு அரை நாள் எடுக்கும் விஷயம் எங்களுக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நண்பர் கட்டிய ஜிக்கில் நமக்கு மீன் விழுந்தால் நம்மைவிட அவர்தான் பெரிதாகச் சத்தம் போடுவார். எங்களில் ஒருவர் சுத்த சைவம். மீனைத் தொட்டுச் சாப்பிடமாட்டார், பிடித்ததை நனைந்த கையால் கழற்றித் திருப்பி விட்டுவிடுவார். ஆனால் கட்டுவதில் அவர்தான் கைகாரர், எங்கள் பெட்டிகளில் பாதி அவர் கட்டியது. மட்டக்களப்பு வாவியில் வளர்ந்த இன்னொருவர் காற்றைப் பார்த்தே எந்தக் கரைக்குப் போகலாம் என்று சொல்லுவார். வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று மற்ற நாட்களில் அவசரமாகக் கதைத்து முடிக்கிற எல்லாவற்றையும், பாணும் சம்பலும் பிளாஸ்க் தேத்தண்ணீருமாக, மிதவையைப் பார்த்தபடி ஆறுதலாகக் கதைக்கிறோம். ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்று கதைக்கும்போது, வாய்க்கு வராத சில விஷயங்களும் வந்துவிடுகின்றன.

கையால் கட்டுவது ஏதோ பொழுது போகாத ஆட்களின் வேலை என்றும் நினைக்க வேண்டாம். இன்று உலகம் முழுக்க விற்கும் ரபாலா பொய்மீனை, பின்லாந்தில் லவுரி ரபாலா என்ற ஏழை மீனவர் 1936இல் தக்கையில் செதுக்கினார். மேலே சொக்லேற் சுற்றிய தகட்டை ஒட்டி, பழைய போட்டோ நெகற்றிவை உருக்கிப் பூசினார். காயப்பட்ட சின்ன மீன் எப்படித் தள்ளாடி நீந்துகிறது என்று உற்றுப் பார்த்துச் செய்தது அது.

ஈயத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் ஈயம் உருக்கித் தலை வார்க்கலாம் என்று வீடியோக்கள் சொல்லும். தயவுசெய்து வேண்டாம். நான்கு பேர் இருக்கும் வீட்டின் குசினியில் அந்தப் புகையும் தூளும் கூடவே கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். அதோடு, கிளைக்குள் எறி என்று சொல்கிறவன் அறுந்து போகும் ஜிக்கைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நம் ஒரு டொலர் காசில் இருக்கும் லூன் பறவை, இரை அரைக்க ஏரியின் அடியில் கூழாங்கல் விழுங்கும். அதோடு ஒரு சின்ன ஈயத்துண்டு போனாலும் நஞ்சாகிச் செத்துவிடும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளும் ஜிக்குகளும் 1997 முதல் தடை. மற்ற ஏரிகளுக்கும் அதையே நம் விதியாக வைத்துக்கொள்வோம். வெள்ளீயம், பிஸ்மத், ரங்ஸ்ரன் தலைகள் வார்த்தபடியே கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூட, கொடுக்கலாம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: மீன்கடை இருக்கிறது, ஆனால் அங்கே ஐஸ் தண்ணீரிலிருந்து அன்று காலை எடுத்த கிறப்பி கிடைக்காது. வெள்ளைச் சதை, மணம் இல்லை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்தாலும் சரி, தேங்காய்ப்பால் சொதி வைத்தாலும் சரி. ஒரு நேரச் சமையலுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். வாளி நிறைய அள்ளிப் போகிறவர்களைக் கரையில் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கும். முட்டையிட வந்த மீன்கள் அவை. தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டி, லைலக் பூக்கும் நாட்களில் ஆண் கிறப்பி கறுத்து, கூட்டைக் காத்துக்கொண்டு நிற்கும். அந்த நாட்களில் நாங்கள் அவற்றைத் தேடிப் போவதில்லை. பாஸ் மீனுக்குப் பல ஏரிகளில் வசந்தம் தடைக்காலம், பிடித்து விடுவதற்கென்றுகூட அதைத் தேடிப் போகக்கூடாது. காவலுக்கு நிற்கும் ஆண்மீன் சில நிமிடம் இல்லாவிட்டால், மற்ற மீன்கள் கூட்டில் புகுந்து முட்டையைத் தின்றுவிடும்.

அப்புறம், படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெற்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இருக்கைக்குக் கீழே வைத்துப் பிரயோசனமில்லை. நீங்கள் குளத்தில் நீந்தி வளர்ந்தவர், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஏப்ரல் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், பத்து நிமிடத்துக்குள் கையும் காலும் சொல்வழி கேட்காது. நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படித்தான்.

இந்த வாரமே லைசன்ஸுக்குப் பாருங்கள். குறைந்த எண்ணிக்கை மீனை மட்டும் எடுக்க விடும் லைசன்ஸ் ஒன்று இருக்கிறது, மலிவு, உங்களுக்கு அது போதும். மாகாண அரசின் இந்த வருட விதிகளில் ரைஸ் ஏரியும் அதன் பக்கத்துக் காவார்த்தா ஏரிகளும் 17ஆம் வலயத்துக்குக் கீழே வரும், அதை வாசித்துவிடுங்கள். கொக்கி 6 அல்லது 8 இலக்கம், 4 இறாத்தல் நூல், வெள்ளை, கறுப்பு, மஞ்சள் மராபு ஒவ்வொரு பக்கெற். நான்கு பேரும் சேர்ந்து ஒரு வைஸ் வாங்கினால் போதும், ஒருவர் கட்ட மற்றவர்கள் தேத்தண்ணீர் போடலாம். கட்டியதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், வால் கூடவா குறையவா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்