அலுவலகத்தில் தாய்ப்பால் எடுக்கும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாதச் சம்பளம் 28,000 ரூபாய். மொத்தம் அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம், அதில் பெண்கள் ஒன்பது பேர். 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து போன மாதம் வேலைக்குத் திரும்பினேன். குழந்தைக்கு ஏழு மாதம், மாமியார் பார்த்துக்கொள்கிறார். காலை ஏழரைக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஏழரை ஆகிவிடுகிறது. நடுவில் இரண்டு தடவையாவது பம்ப் வைத்துப் பால் எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிடுகிறது. மேலாளரிடம் கேட்டேன். "பாத்ரூம்ல எடுத்துக்கோங்க, ஆனா அது பர்மிஷன் கணக்கு" என்றார். மூன்று பர்மிஷன் எடுத்தால் அரை நாள் லீவு என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்தக் கணக்கில் போன மாதச் சம்பளத்தில் பிடித்தும் விட்டார்கள். ரொம்பக் கேட்ட பிறகு பழைய ஃபைல் வைக்கும் அறையைக் கொடுத்தார்கள். அதில் கேமரா இருக்கிறது. பொது ஃபிரிட்ஜில் பால் பாட்டில் வைப்பதாக ஒருவர் புகார் வேறு செய்திருக்கிறார். "குழந்தை இங்க இருந்தாத்தானே பால் கொடுக்கிற பிரேக், பம்ப் பண்றதுக்கெல்லாம் சட்டம் கிடையாது" என்கிறார் எச்.ஆர். உண்மையா? கடலூர் லேபர் ஆபீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: சட்டத்தில் பம்ப் என்ற சொல் இல்லை என்பது உண்மைதான். அதை வைத்து உங்கள் எச்.ஆர். போய்ச் சேரும் முடிவுதான் தவறு.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 11ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, குழந்தைக்குப் பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளைகள் தர வேண்டும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 வந்துவிட்டது. பிரிவு எண் 66 என்று மாறியதே தவிர உரிமை அப்படியே இருக்கிறது. இந்த இடைவேளைகளைக் காரணம் காட்டிச் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்பதற்கு 69ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. உங்கள் ஆபீஸின் பர்மிஷன் கணக்கு இந்த இரண்டு இடைவேளைகளுக்கும் செல்லாது. நிறுவனத்தின் உள்வழக்கம் சட்டத்துக்கு மேலே போக முடியாது.

இனி அவருடைய வாதத்துக்கு வருவோம். "குழந்தை இங்கே இல்லையே" என்கிறார். சரி, ஏன் இல்லை? ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்கிறது 67ஆவது பிரிவு. முந்தைய சட்டத்திலும் 2017லேயே இது வந்துவிட்டது. ஐம்பது என்பது மொத்த ஊழியர் எண்ணிக்கை, பெண்களின் எண்ணிக்கை அல்ல. "லேடீஸ் ஒன்பது பேர்தானே, அவங்களுக்காகக் காப்பகமா?" என்று கேட்கும் நிறுவனங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டம் அப்படிக் கணக்குப் போடவில்லை. சொந்தமாக நடத்த முடியாவிட்டால் அக்கம்பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தலாம், அரசு, நகராட்சி அல்லது தனியார் காப்பகத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அங்கே தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வர அனுமதிக்க வேண்டும். ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடக்கம். உங்கள் நிறுவனத்தில் காப்பகம் இருந்தால் நீங்கள் பம்ப் வாங்கியே இருக்க மாட்டீர்கள். தான் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு, அதனால் குழந்தை கடலூரில் இருப்பதையே காரணமாகக் காட்டி, இடைவேளையையும் மறுப்பது எந்தத் தொழிலாளர் துறை ஆய்வாளர் முன்னாலும் நிற்காது. உங்கள் கையில் உள்ள வலுவான பிடி இதுதான். பம்ப் சட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்குள் போகாதீர்கள், காப்பகம் எங்கே என்று கேளுங்கள்.

பட்டிமன்றத்துக்கு அவர் இழுத்தால் அங்கேயும் பதில் உண்டு. பழைய சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1963இல் சுரங்கங்களுக்கும் சர்க்கஸ்களுக்கும் எழுதிய விதிகளைப் பாருங்கள். இடைவேளை ஒவ்வொன்றும் 15 நிமிடம். அதற்கு மேல், காப்பகத்துக்கோ வேலை நேரத்தில் பிள்ளையை விட்டுவைத்திருக்கும் இடத்துக்கோ போய்வர 5 முதல் 15 நிமிடம் வரை கூடுதல் நேரம். பிள்ளை தாயின் பக்கத்திலேயே இருக்கும் என்று அந்த விதியை எழுதியவர்களே நினைக்கவில்லை. அப்புறம், 1977இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த பி. ஷா வழக்கு. தோட்டத் தொழிலாளியான ஒரு பெண்ணின் பிரசவகாலப் பணத்தைக் கணக்கிடும்போது ஞாயிற்றுக்கிழமையைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற தகராறு. கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கியது. இந்தச் சட்டத்தைப் பெண்ணுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும், அவள் இழந்த தெம்பை மீட்கவும் குழந்தைக்குப் பாலூட்டவும் வேலைத்திறனைக் காத்துக்கொள்ளவும் அது உதவ வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஹுஸ்னா பானு வழக்கில், பாலூட்டுவது தாயின் உரிமை, அது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவின் பாதுகாப்பில் வருகிறது என்றது. இத்தனையும் இருக்கும்போது, பால் நேராகப் போகாமல் பாட்டில் வழியாகக் குழந்தைக்குப் போவதால் உரிமை போய்விட்டது என்று வாதாடுவது கஷ்டம்.

நேரத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய விதிகளின் 15 நிமிடத்தையே அளவாக வைத்தாலும் அது பம்புக்குப் போதாது. பாகங்களைப் பொருத்தி, பால் எடுத்து, பாட்டிலை மூடி, கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். அதனால் முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று என்று இரண்டு சட்ட இடைவேளைகளையும் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பகுதியையும் இதற்கு ஒதுக்குங்கள். 15ஐ 25 ஆக்கித் தரும்படி கேட்கலாம். அந்தக் கூடுதல் பத்து நிமிடம் மட்டும் கேட்டுப் பெற வேண்டியது, மற்றது உங்களுடையது. கடிதத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதிவிடாதீர்கள். எல்லாமே சலுகை மாதிரி ஆகிவிடும்.

அறை விஷயத்தில் சட்டம் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறது. தனியார் அலுவலகத்தில் பால் எடுக்கத் தனியறை வேண்டும் என்று இந்தத் தொகுப்பில் ஒரு வரியும் கிடையாது. 2025 பிப்ரவரியில் மாத்ரு ஸ்பர்ஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பாலூட்டும் அறைகள் பற்றிச் சொன்னது பொதுக் கட்டிடங்களுக்கு. தமிழ்நாட்டில் 2015லேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்குப் பாலூட்டும் அறை திறந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குக் கிடைத்த கதவும் தாழ்ப்பாளும் ஒன்பது மணி நேரம் உழைக்கும் பெண்ணுக்கு இல்லை! இருந்தாலும், இடைவேளை தருகிறேன், பயன்படுத்த இடம் தர மாட்டேன் என்றால் அது தந்த கணக்காகாது என்று வாதிடலாம். குழந்தை குடிக்கப்போகும் பாலைக் கழிப்பறையில் எடுக்கச் சொல்வதை எந்த அதிகாரி முன்னாலும் உங்கள் மேலாளரால் வாய் திறந்து நியாயப்படுத்த முடியாது.

கேமரா உள்ள அறையில் மட்டும் இனி ஒரு நாள்கூட உட்காராதீர்கள். "ஆஃப் பண்ணிட்டோம்" என்ற வாய்வார்த்தை போதாது. கேமராவைக் கழற்றியோ வேறு பக்கம் மாற்றியோ விட்டு, அதை மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள். இதுவரை பதிவானவை யாரிடம் இருக்கின்றன, அழித்தாயிற்றா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு பெண் அந்தரங்கமாக இருக்கும்போது அவளைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. உங்கள் நிறுவனம் வேண்டுமென்றே செய்தது என்று நான் சொல்லவில்லை. ஃபைல் அறையில் எப்போதோ மாட்டிய கேமராவாக இருக்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினால் மேலிடம் உடனே அசையும், பாருங்கள்.

ஃபிரிட்ஜுக்காகச் சண்டை போட வேண்டாம். புதுச்சேரி வெயிலில் எடுத்த பாலை மேசையில் வைக்க முடியாது. 25 டிகிரிக்கு மேல் போகாத அறையிலேயே நான்கு மணி நேரம்தான் தாங்கும். ஐஸ் பேக் போட்ட குளிர்பையில் ஒரு நாள் வரை வைக்கலாம் என்கிறது மருத்துவ வழிகாட்டல், பஸ்ஸிலும் அதுதான் உதவும். புகார் செய்தவர் பாலைப் பற்றியோ உங்கள் உடம்பைப் பற்றியோ ஆபாசமாகப் பேசினால் விஷயம் வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் 2013 சட்டப்படி பாலியல் தொந்தரவு புகார்களுக்கான உள் குழு இருக்க வேண்டும். அங்கே மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

கடலூர் லேபர் ஆபீஸுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறை. கிருமாம்பாக்கத்திலோ பாகூரிலோ வேலை செய்பவர்களுக்கும் அதே துறைதான். எல்லையில் வாழும் நம் மக்கள் இதில் அலைவது சகஜம்.

அங்கே போவதற்கு முன் ஒரு மின்னஞ்சல். வக்கீல் நோட்டீஸ் இப்போது வேண்டாம். அது போன உடனே அவர்களும் வக்கீலிடம் போவார்கள், பதில் வர மாதக் கணக்காகும். உங்களிடம் இருப்பதோ எட்டு மாதம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆனதும் இந்த உரிமை முடிந்துவிடும். மின்னஞ்சலை இப்படி எழுதலாம்: "சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 66ஆவது பிரிவின்படி எனக்குள்ள இரண்டு இடைவேளைகளைத் தினமும் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் எடுத்துக்கொள்கிறேன். நிறுவனத்தில் காப்பக வசதி இல்லாததால் அந்த நேரத்தில் குழந்தைக்கான பாலை எடுத்து வைக்கிறேன். உள்ளே தாழ்ப்பாள் உள்ள, கேமரா இல்லாத, மின் இணைப்புள்ள ஓர் இடத்தை ஒதுக்கித் தரக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இடைவேளைகளுக்காகப் போன மாதம் பிடித்த தொகையை 69ஆவது பிரிவின்படி இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தரவும்." தேதி, நேரம், பிடித்த தொகை எல்லாம் இருக்கட்டும். கோபம் வேண்டாம். சம்பளச் சீட்டின் நகலையும் வருகைப் பதிவையும் வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் வாயால் சொன்னவற்றை, "இன்று நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி அவருக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

பத்து நாளில் பதில் இல்லையென்றால் அந்த மின்னஞ்சலின் நகலோடு தொழிலாளர் துறையில் எழுத்துப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய தொகுப்பில், வழக்குப் போடும் முன் அதிகாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அவகாசம் கொடுத்துச் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. முதலாளிக்குச் சலுகை என்று இதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு இது நல்லதுதான். நீங்கள் கேட்பது அவருக்குத் தண்டனை இல்லையே, ஒரு அறையும் அரை மணி நேரமும்தானே.

வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். விடுப்புக்குப் பிறகு இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை தரலாம் என்று சட்டம் சொல்கிறது. கட்டாயம் இல்லை, ஆனால் கணக்கு வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் கேட்பது நியாயமான கோரிக்கை. பால் கட்டிக் காய்ச்சல் வந்த நாட்களுக்கு மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். பிரசவத்தால் வரும் உடல்நலக் குறைவுக்குச் சம்பளத்தோடு ஒரு மாதம் வரை கூடுதல் விடுப்பு உண்டு, அதில் இதைச் சேர்க்கலாம் என்று வாதிட இடமிருக்கிறது.

கடைசியாக ஒன்று. "கஷ்டமா இருந்தா ரிசைன் பண்ணிடுங்க, குழந்தை வளர்ந்ததும் வாங்க" என்று இனிமையாக யாராவது ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் 68ஆவது பிரிவு நேரடியாகக் காப்பாற்றும். திரும்பி வந்த பிறகு அந்தப் பிரிவின் கை அவ்வளவு தூரம் நீளாது. அவர்களாக நீக்கினால் எதிர்த்து வழக்காட இடம் இருக்கிறது, நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு, அன்று மாலையே படம் எடுத்து ஒரு வக்கீலுக்கு அனுப்புங்கள்.