கராச் வாசல்: முள் சொல்லும் வேகம், கட்டை சொல்லும் வேகம்

கேள்வி: மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். போன மாதம் குடும்பத்தோடு எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குக் காரில் போனவன். பாலம் கடந்ததும் பலகையில் 55 என்று இருந்ததாம். இவன் முள்ளை 55இல் பிடித்துக்கொண்டு போக, பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தே துரத்தினானாம். பிறகு மருமகள் டாஷ்போட்டை மைலுக்கு மாற்றிக் கொடுத்தாளாம். இப்போது அதில் 65 காட்டும்போது போனில் 62தான் காட்டுகிறதாம். எது உண்மை என்று என்னைக் கேட்கிறான். நான் வாழ்நாளில் ஓட்டியது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் மட்டும்.
- ஒரு தகப்பன், மல்லாவி

பதில்: ஐயா, மகனுக்கு நடந்தது இரண்டு வேறு சங்கதி. பலகையில் அலகு மாறியது ஒன்று. மீற்றர் கொஞ்சம் கூட்டிச் சொல்வது மற்றது.

முதலாவதைப் பார்ப்போம். கனடா 1977இல் வீதிப் பலகைகளைக் கிலோமீற்றருக்கு மாற்றிவிட்டது. அமெரிக்கா இன்னும் மைலில்தான் நிற்கிறது. 55 மைல் என்றால் 88 கிலோமீற்றர். உங்கள் மகன் 55 கிலோமீற்றரில், அதாவது 34 மைலில், நெடுஞ்சாலையில் போயிருக்கிறார். லொறிக்காரன் ஹோர்ன் மட்டும் அடித்தான் என்றால் நல்ல மனுசன்.

மைல் நமக்கொன்றும் புதிதில்லை. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று இன்றும் சொல்கிறோமே, அது கண்டியிலிருந்து எண்ணிய மைல் கணக்கு. 1.609ஆல் பெருக்கினால் 249 கிலோமீற்றரும் சொச்சமும் வரும். கைக்கணக்கு வேண்டுமென்றால் மைலோடு அதன் அரைவாசியையும் பத்திலொன்றையும் கூட்டச் சொல்லுங்கள். 55, இருபத்தேழரை, ஐந்தரை: 88. 65 என்றால் 104. கார் ஓட்டிக்கொண்டே போடக்கூடிய கணக்கு.

போகும்போது நடந்த பிழையில் ஹோர்ன் சத்தம்தான் மிச்சம். திரும்பி வரும்போது நடந்தால் கதை வேறு. டாஷ்போட்டை மைலிலேயே விட்டுவிட்டு ஒன்ராறியோவுக்குள் வந்து, ஊர் வீதியில் 50 பலகையைப் பார்த்து 50இல் பிடித்தால், உண்மையில் ஓடுவது 80. அங்கே 80க்குக் குறைந்த எல்லை உள்ள வீதியில் எல்லையை 40 தாண்டினால் லைசன்ஸ் 30 நாளுக்குப் போய்விடும், வாகனத்தையும் 14 நாள் கட்டிவைப்பார்கள். இவர் 30தான் தாண்டியிருப்பார். ஆனாலும் தண்டம் தண்டம்தான். ஆகவே பாலத்தில் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கினதும் அடுத்த வேலை டாஷ்போட் அலகை மாற்றுவது. மருமகளிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள், அவவுக்குத்தான் நிதானம் இருக்கிறது.

இனி 65ம் 62ம். என்னைக் கேட்டால் போன் சொன்னது கிட்டத்தட்ட உண்மை. காரணம் இருக்கிறது. பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. விதி 39 என்று ஒன்று உண்டு. மீற்றர் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் பத்திலொன்றும் அதன்மேல் 4 கிலோமீற்றரும் வரைக்கும். உண்மையில் 100இல் போகும் கார் 114 என்று காட்டினாலும் அந்த விதிப்படி சரி. கார் செய்கிறவன் கூடாத பக்கம் சாயாமல் இருக்க முள்ளைக் கொஞ்சம் மேலே தள்ளியே வைக்கிறான். காரணம் ரயர். மீற்றர் எண்ணுவது சக்கரம் சுற்றும் சுற்றை, வீதியை இல்லை. புது ரயரும் தேய்ந்த ரயரும் ஒரே சுற்றில் ஒரே தூரம் போகாது.

போன் சக்கரத்தைப் பார்ப்பதில்லை, செய்மதியைப் பார்க்கிறது. வானம் திறந்த நேர் வீதியில், ஒரே வேகத்தில் போனால் நம்பலாம். மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஓரிரு வினாடி பிந்தித்தான் சொல்லும். சுரங்கப் பாதைக்குள் உளறும்.

போனையும் நம்ப மனமில்லையா? கட்டைக்குக் கட்டை வினாடி எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலைகளில் மைலுக்கு ஒரு பலகை நிற்கும். ஒரு மைலுக்கு 60 வினாடி எடுத்தால் 60 மைல் வேகம். பொதுவாகச் சொன்னால் 3600ஐ வினாடியால் பிரிக்க வேண்டும், மைலுக்கும் கிலோமீற்றருக்கும் ஒரே கணக்கு. எண்ணுகிறவர் பக்கத்து சீற்றில் இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் இல்லை. ஒரு கட்டையோடு நிறுத்தவும் கூடாது. 60இல் போகும்போது ஒரு வினாடி பிசகினால் ஒரு கட்டையில் வேகம் 1 பிசகும். ஐந்து கட்டை எண்ணினால் அதே வினாடி 0.2தான் பிசகும்.

நான் இதைப் பரந்தன் தாண்டி ஆனையிறவுப் பக்கம் செய்வேன். வீதி நேர், மரமில்லை, காற்று மட்டும் பக்கவாட்டில் தள்ளும். என்னுடைய பழைய கொரோலாவை 60இல் பிடித்துக்கொண்டு ஐந்து கிலோமீற்றர் ஓடினேன், பெடியன் பக்கத்தில் இருந்து எண்ணினான். 300 வினாடி வந்திருக்க வேண்டும், 318 வந்தது. உண்மை வேகம் 56.6. முள்ளைப் பார்த்துப் பெருமைப்பட்ட காலமெல்லாம் போச்சு.

எல்லை தாண்டி வேகம் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. ஏ9 வீதி திறந்தபின் 2003இல் நான் வான் ஓட்டினேன். அப்போது ஓமந்தைக்குத் தெற்கே கொழும்பு நேரம், வடக்கே வன்னி நேரம். வன்னி அரை மணி பிந்தியிருக்கும். 1996இல் அரசு மணிக்கூட்டை மாற்ற, இங்கே புலிகள் பழையதையே வைத்துக்கொண்டார்கள். 2006 சித்திரையில் அரசு பழைய நேரத்துக்கே திரும்பி வந்தபிறகுதான் இரண்டும் ஒன்றானது. ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த ஒரு ஐயா ஓமந்தையில் வெளிக்கிடும்போது தன் கையில் 10 மணி பார்த்திருக்கிறார். கிளிநொச்சிக் கடையில் இறங்கிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தால் 11. "அறுபத்துச் சொச்சம் கிலோமீற்றர், புளியங்குளத்தில் செக்கிங், முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய், கச்சானும் வாங்கி ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டோமே, பறந்தீரோ?" என்று கடை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். இந்தப் பக்கத்துக் காவல்துறை வேகத்துக்குத் தண்டம் எழுதிய காலம் அது. "ஐயா, ஒன்றரை மணித்தியாலம், ஒன்றரை" என்று அவர் வாயைப் பொத்தாத குறை. மகனிடம் சொல்லுங்கள், ரொறன்ரோவுக்கும் பஃபலோவுக்கும் ஒரே நேரம்தான், அந்தத் தலையிடி அவருக்கு இல்லை.

கேள்வி: என் காருக்கு 195/65 ஆர்15 ரயர். கடையில் அது இல்லை என்று 205/65 ஆர்15 போட்டுவிட்டார்கள். மீற்றருக்கு ஏதும் ஆகுமா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஆகும், ஆனால் பெரிதாக இல்லை. பழைய ரயரின் விட்டம் 634.5 மில்லிமீற்றர், புதியது 647.5. நூற்றுக்கு இரண்டு கூட. இனி முள் 70 காட்டும்போது நீங்கள் முந்தி 70 காட்டியபோது போனதைவிட ஒன்றரைக் கிலோமீற்றர் கூடப் போகிறீர்கள். மேலே சொன்னபடி மீற்றர் கூட்டிச் சொல்கிற காராக இருந்தால் அதில் கொஞ்சம் கழியும், அவ்வளவுதான். திருப்பும்போது ரயர் மட்காட்டில் உரசுகிறதா என்று பாருங்கள். எனக்கு அதுதான் கவலை.

கேள்வி: அப்பப்பாவின் மொறிஸ் மைனரை ஓடவைத்திருக்கிறேன். மீற்றர் மைலில். முள்ளும் நடுங்குகிறது.
- வாசகர், வவுனியா

பதில்: தம்பி, பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி வன்னியைக் காப்பாற்றின சாதி அது. முதலில் கும்பிடுங்கள். நடுங்குவது மீற்றர் கேபிள் காய்ந்ததால். கழற்றித் துடைத்து மெல்லிய கிறீஸ் பூசுங்கள், மீற்றர் பக்கத்து நுனியில் மட்டும் பூச வேண்டாம், உள்ளே ஏறிவிடும். மீற்றர் கண்ணாடியில் 31இலும் 43இலும் சிவப்பு ரேப் துண்டு ஒட்டிவிடுங்கள். கிலோமீற்றரில் அது ஊருக்குள் 50, வெளியே 70. அதற்குமேல் அந்தக் கிழவனை விரட்டாதீர்கள்.

கேள்வி: இவர் 70இல் போகிறேன் என்கிறார். பக்கத்து சீற்றில் இருக்கும் எனக்கு 75 தெரிகிறது. ஒவ்வொரு பயணத்திலும் சண்டை.
- ஒரு மனைவி, மாங்குளம்

பதில்: தங்கச்சி, முள் எண்களுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. இடப்பக்கம் இருந்து சரிந்து பார்க்கிற உங்களுக்கு அது வலப்பக்கம் தள்ளியே தெரியும், அதாவது கூட. நேரே பார்க்கிற அவர் சொல்வது 70, உண்மையில் போவது அதைவிடவும் குறைவாகவே இருக்கும். இந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம்.